ஓர் அச்சுப்பொறி, இரு கருவிகள்

அலுவலக மேசை ஒன்றில் இரண்டு திரைகள் அருகருகே இருந்த காலம் உண்டு. ஒன்று, வேறோர் அறையிலுள்ள பெரிய கணினியோடு வடத்தால் இணைக்கப்பட்ட முனையம். மற்றொன்று, 1981இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட வகையைச் சேர்ந்த தனிமேசைக் கணினி. முனையத்திற்குச் சொந்தமாகக் கோப்புகளைச் சேமிக்கும் இடமில்லை. அழுத்திய எழுத்தைப் பெரிய கணினிக்கு அனுப்புவதும், அங்கிருந்து வருவதைத் திரையில் காட்டுவதுமே அதன் பணி. ஊதியப் பட்டியல் முனையத்திலும், கடிதங்கள் தனிமேசைக் கணினியிலும் உருவாகும். அச்சுப்பொறியோ விலை மிகுந்தது. எனவே, ஒன்றையே இரண்டிற்கும் பொதுவாக்க வேண்டியிருந்தது.

இரு வடங்களையும் ஒன்றாக முறுக்கி அச்சுப்பொறியில் செருகிவிடலாகாதா என்னும் ஐயம் எழலாம். ஆகாது. ஆர்எஸ்-232 என்னும் தொடர் இணைப்பு முறையில் 1 என்னும் பிட் எதிர் மின்னழுத்தமாகவும் 0 என்பது நேர் மின்னழுத்தமாகவும் செல்லும். எதையும் அனுப்பாமல் ஓய்ந்திருக்கும் கருவியும் கம்பியில் எதிர் மின்னழுத்தத்தை விடாது தந்துகொண்டிருக்கும். அதே கம்பியில் மற்றொரு கருவி 0 அனுப்ப முயன்றால் இரண்டும் மோதும், எழுத்துச் சிதையும். ஆகவே, ஒரு நேரத்தில் ஒரு கருவி மட்டுமே இணைந்திருத்தல் வேண்டும். இதற்குப் பயன்பட்டதே கைத்திருகு நிலைமாற்றிப் பெட்டி. குமிழை ஒருபுறம் திருகினால் முனையம், மறுபுறம் திருகினால் கணினி, அவ்வளவே.

எளிய கருவிதான், ஆயினும் அச்சிடும் நடுவே எவரேனும் குமிழைத் திருகிவிட்டால், ஒருவரது ஊதிய விவரம் பாதியில் நின்று, அதே தாளில் மற்றொருவரது கடிதம் தொடரும்.

வேகமும் ஒத்திருத்தல் வேண்டும். நொடிக்கு 9600 பிட் வேகத்தில், தொடக்க பிட்டும் நிறுத்த பிட்டும் சேர ஓர் எழுத்திற்கு 10 பிட் ஆவதால், நொடிக்கு 960 எழுத்துகள் வந்து சேரும். புள்ளி அச்சுப்பொறியால் அத்தனை விரைவாக அச்சிட இயலாது. எனவே, அதன் இடைநினைவகம் நிரம்பும் தறுவாயில் 19 என்னும் குறியீட்டை அனுப்பி 'நிறுத்து' எனவும், இடம் கிடைத்ததும் 17 என்னும் குறியீட்டால் 'தொடர்க' எனவும் தெரிவிக்கும். இவ்விரு குறியீடுகளும் திரும்பிச் செல்லும் கம்பி விடுபட்டிருந்தால், முதற்பக்கம் செம்மையாக வரும். பின்னர் வரிகள் காணாமற்போகும். பழுது அச்சுப்பொறியில் இருப்பதாக எண்ணிப் பலர் ஏமாறுவது இவ்விடத்தில்தான்.

1983இல் டிஜிட்டல் எக்யூப்மென்ட் நிறுவனம் வெளியிட்ட விடி220 போன்ற முனையங்களில் அச்சுப்பொறிக்கெனத் தனி இணைப்பி இருந்தது. பெரிய கணினி 27, 91, 53, 105 என்னும் நான்கு குறியீடுகளை அனுப்பினால், அடுத்து வருபவை திரைக்குச் செல்லாமல் நேரே அச்சுப்பொறிக்குச் செல்லும். 27, 91, 52, 105 வந்ததும் திரை மீண்டும் உயிர்பெறும். முடிவுக் குறியீடு வழியில் தொலைந்தால் திரை உறைந்ததுபோல் தோன்றும். தட்டச்சு செய்வதற்குரிய மறுமொழிகளெல்லாம் தாளில் விழும்.

தானியங்கி நிலைமாற்றி குமிழைத் திருகும் வேலையைக் குறைத்தது. முதலில் எழுத்தனுப்பும் கருவிக்கு அது வழிவிடும். சில நொடிகள் எதுவும் வாராவிடில், அடுத்த கருவிக்கு வாய்ப்பளிக்கும். பெரிய கணினி நீண்ட கணக்கீட்டிற்காக அந்நொடிகளைவிடக் கூடுதலாகத் தயங்கினாலோ பக்கங்கள் கலந்துவிடும். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் மற்றவர் வீணே காத்திருக்க நேரும்.

எஞ்சியுள்ள இடர், முந்தைய பயனர் விட்டுச்செல்லும் அமைப்புகள். எப்சன் வகை அச்சுப்பொறிகளில் 15 என்னும் குறியீடு எழுத்துகளை நெருக்கிச் சிறிதாக்கும். அதனை நீக்காமல் ஒருவர் விலகினால், அடுத்தவர் கடிதமும் நுண்ணெழுத்தில் வெளிவரும். ஆகவே, ஒவ்வோர் ஆவணத்தின் தொடக்கத்திலும் 27, 64 என்னும் இரு குறியீடுகளை அனுப்பி, அச்சுப்பொறியை அதன் தொடக்க நிலைக்குக் கொணர்வது வழக்கமாயிற்று.