ஆங்கிலப் பெயருரிச்சொல்லும் அதன் துணைச்சொல்லும்

ஹற்றனை அடுத்த தோட்டமொன்றிலே கொழுந்து பறிக்கும் தாயொருத்தி, பல நாள் மழையில் நனைந்து வேலை செய்தமையாற் களைப்புற்று, இரண்டு நாள் ஓய்வு வேண்டுகின்றாள் எனக் கொள்வோம். பாடசாலையிற் கற்கும் அவள் மகன் தோட்டத்துரைக்கு ஆங்கிலத்தில் லீவுக் கடிதம் வரைகின்றான். ‘அம்மா வேலை செய்து களைத்துவிட்டார்’ என்பதே அவன் கருத்து. அதனை அவன் ‘டயர்ட் ஒவ் வேர்க்கிங்’ என்று எழுதிவிடுகின்றான். துரை அதிற் கொள்ளும் பொருளோ வேறு. அத்தாய்க்கு வேலை சலித்துவிட்டது, இனிச் செய்ய மனமில்லை என்பதே அத்தொடரின் பொருள். மகன் எழுதியிருக்க வேண்டியது ‘டயர்ட் ஃப்ரொம் வேர்க்கிங்’ என்பதாகும். சிறு சொல்லொன்று மாறியமையால், இரக்கம் வேண்டிய கடிதம் வெறுப்பைக் காட்டும் கடிதமாயிற்று.

இத்தகைய தொடர்களில் மூன்று உறுப்புக்கள் உள. முதலாவது, பண்பையோ மனநிலையையோ உணர்த்தும் பெயருரிச்சொல். இரண்டாவது, ‘ஒவ்’, ‘அட்’, ‘இன்’, ‘ஃபோர்’ முதலான முன்னிடைச்சொல். மூன்றாவது, வினையடியோடு ‘இங்’ என்னும் விகுதி சேர்ந்து பிறக்கும் தொழிற்பெயர். ‘குட் அட் ப்ளக்கிங்’ என்பது கொழுந்து பறிப்பதில் வல்லமையைக் குறிக்கும். ‘ரெஸ்பொன்ஸிபிள் ஃபோர் வெயிங்’ என்பது கொழுந்து நிறுக்கும் பொறுப்பைக் குறிக்கும். அன்றாட ஆங்கிலப் பேச்சில் இவ்வமைப்பு வாராத நாளில்லை எனலாம்.

முன்னிடைச்சொல்லின் பின் வினை ஏன் தொழிற்பெயராதல் வேண்டும்? முன்னிடைச்சொல் பெயரையே தழுவும் இயல்பினது. ஆதலால் வினையொன்று அங்கே வர விரும்பின் பெயரின் வடிவத்தை மேற்கொண்டே வரவேண்டும். தமிழ் மாணவனுக்கு இது புதியதொரு விதியன்று. தமிழில் வேற்றுமையுருபு பெயரையே பற்றும். ஆகவே நாம் ‘பாடில் வல்லவன்’ என்னாது ‘பாடுவதில் வல்லவன்’ என்கிறோம். வினையைப் பெயராக்கும் வழிகள் தமிழில் மிகப் பல. இலக்கண நூலார் ‘தல்’ முதலாகத் தொழிற்பெயர் விகுதிகள் பத்தொன்பதை எண்ணிக் காட்டுவர். ஆங்கிலத்தில் இத்தொடர்களுக்கு ‘இங்’ என்னும் ஒரே விகுதி போதும். ஆகவே இப்பகுதி தமிழ் மாணவனுக்கு எளிதாதல் வேண்டும். ஆயினும் அவன் இடறுகின்றான்.

இடறுமிடம் தொழிற்பெயரன்று, அதற்கு முன்னுள்ள சிறு சொல்லே. மாணவன் தமிழ் உருபை மனத்திற் கொண்டு அதற்கு நேரான ஆங்கிலச் சொல்லைத் தேடுகின்றான். ‘பாடுவதில் வல்லவன்’ என்பதிலுள்ள ‘இல்’ அவனை ‘குட் இன் சிங்கிங்’ என எழுதத் தூண்டுகிறது. வழக்கோ ‘குட் அட்’ என்பது. ‘விழுவதற்குப் பயம்’ என்பதிலுள்ள ‘கு’ உருபு ‘அஃப்ரெயிட் ஃபோர் ஃபோலிங்’ என எழுதச் செய்கிறது. வழக்கோ ‘அஃப்ரெயிட் ஒவ்’ என்பது. ‘படிப்பதில் ஆர்வம்’ என்பதை மட்டும் ‘இன்ட்ரெஸ்டட் இன் ரீடிங்’ எனச் சரியாக எழுதிவிடுகின்றான். அது இரு மொழிகளும் தற்செயலாய் ஒத்துவந்த இடம். அந்த ஒற்றுமையே ஏனைய இடங்களில் அவனை ஏமாற்றுகிறது.

எந்தச் சொல் எந்த உருபை வேண்டும் என்பது அவ்வம் மொழியின் வழக்கைப் பொறுத்தது. அச்சப்பொருள் தரும் சொற்களுக்கு ஐந்தாம் வேற்றுமையும் இரண்டாம் வேற்றுமையும் உரியன என்று தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலிற் கூறுகின்றார். அதன்படி பாம்பின் அஞ்சும் என்பதும் பாம்பை அஞ்சும் என்பதும் அமையும். இன்றோ நாம் ‘பாம்புக்கு அஞ்சுகிறான்’ என நான்காம் வேற்றுமையில் இயல்பாகச் சொல்கிறோம். ஒரே மொழியிலேயே காலத்தால் உருபு மாறுமாயின், வேறொரு மொழியில் அது அப்படியே நிற்கும் என எதிர்பார்த்தல் பொருந்தாது. ஆங்கிலத்துள்ளும் இவ்வுண்மையைக் காணலாம். ‘ஏபிள்’, ‘கேபபிள்’ ஆகிய இரண்டும் ஆற்றலையே குறிப்பன. எனினும் ‘ஏபிள் டு டூ’ என்றும் ‘கேபபிள் ஒவ் டூயிங்’ என்றுமே வழங்குவர். துணைச்சொல் கருத்துக்கு உரியதன்று. குறித்த பெயருரிச்சொல்லுக்கே உரியது.

சில பெயருரிச்சொற்கள் இருவகைத் துணையும் ஏற்கும். ஆங்கே பொருள் வேறுபடும். ‘ஆங்ஷஸ் அபௌட் கோயிங்’ என்றால் போவதை எண்ணிக் கலங்குகிறான் என்பது பொருள். ‘ஆங்ஷஸ் டு கோ’ என்றாலோ போகத் துடிக்கிறான் என்பது பொருள். முன்னது தயக்கம், பின்னது ஆவல். அவ்வாறே ‘ஷுவர் ஒவ் பாஸிங்’ என்னுமிடத்துப் பரீட்சையிற் சித்தியடைவேன் என்னும் நம்பிக்கை மாணவனுடையது. ‘ஷுவர் டு பாஸ்’ என்னுமிடத்து அவன் சித்தியடைவான் என்னும் உறுதி சொல்பவருடையது. ஆசிரியர் ஒருவர் மாணவனுக்கு நற்சான்றிதழ் எழுதுங்கால் இவ்வேறுபாட்டை மறந்தால், தம் பாராட்டை மாணவனின் தற்பெருமையாக்கிவிடுவார்.

மாணவரைப் பெரிதும் மயக்குவது ‘டு’ என்னும் சொல். அது இரு வேடம் பூணும். ஓரிடத்தில் வினையெச்சத்தின் அடையாளமாய் நின்று வினையடியைத் தன்பின் கொள்ளும். மற்றோரிடத்தில் முன்னிடைச்சொல்லாய் நின்று பெயரை வேண்டும். 1,800 மீற்றருக்கும் மேலான உயரத்திலுள்ள நுவரெலியாவில் வாழ்பவர் குளிரில் வேலை செய்து பழகியவர். அவரைப்பற்றி ‘ஹீ இஸ் யூஸ்ட் டு வேர்க்கிங்’ என்பதே முறை. ‘ஹீ யூஸ்ட் டு வேர்க்’ என்றால் முன்னொரு காலத்தில் வேலை செய்துவந்தார், இப்போது செய்வதில்லை என்று பொருள்படும். எந்த ‘டு’ எவ்வகையது என்பதை அறிய எளிய வழியொன்றுண்டு. அதன்பின் ‘குளிர்’ என்பது போன்ற வெறும் பெயர்ச்சொல்லொன்றை வைத்துப் பார்க்க வேண்டும். ‘யூஸ்ட் டு த கோல்ட்’ எனப் பொருந்திவரின் அது முன்னிடைச்சொல். அதன்பின் வினை தொழிற்பெயராய் வரும்.

துணைச்சொல் இன்றியே தொழிற்பெயரை ஏற்கும் சொற்களும் சில உள. ‘பிஸி ப்ளக்கிங்’, ‘வேர்த் ரீடிங்’ என்பன எடுத்துக்காட்டு. அங்கே முன்னிடைச்சொல்லைப் புகுத்துவதும் பிழையே.

இவற்றை எவ்வாறு கற்பது? ஓரளவு வகைப்படுத்தலாம். திறமையும் திறமையின்மையும் குறிக்கும் ‘குட்’, ‘பேட்’, ‘க்ளெவர்’ என்பன ‘அட்’ என்பதையும், மனவுணர்வு குறிக்கும் ‘ஃபோண்ட்’, ‘ப்ரவுட்’, ‘அஷேம்ட்’, ‘அஃப்ரெயிட்’ என்பன ‘ஒவ்’ என்பதையும் பெரும்பாலும் கொள்ளும். ஆனால் வகைப்பாடு வழிகாட்டுமேயன்றி விதியாகாது. பிறநாட்டு மாணவரின் இந்த இடர்ப்பாட்டை நன்குணர்ந்தவர் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹோர்ன்பி. அவரும் அவர் துணைவரும் தொகுத்த அகராதி 1942இல் தோக்கியோவிலும், பின்னர் 1948இல் ஒக்ஸ்ஃபோர்ட் வாயிலாகவும் வெளிவந்தது. சொல்லின் பொருளோடு அது எவ்வமைப்பில் வரும் என்பதையும் காட்டுவது அவ்வகராதியின் சிறப்பு. மாணவரும் அவ்வாறே ‘அஃப்ரெயிட் – பயம்’ எனக் குறிப்பேட்டில் எழுதாது, ‘அஃப்ரெயிட் ஒவ் ஃபோலிங் – விழுவதற்குப் பயம்’ என முழுத் தொடராய் எழுதிப் பழகுதல் நன்று.

மலையகத்தில் இது வெறும் இலக்கண நுட்பமன்று. 1956ஆம் ஆண்டுவரை இலங்கையில் ஆங்கிலமே அரசாங்க மொழியாயிருந்தது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ்த் தோட்ட மக்கள் மனுச்செய்த காலமும் அதுவே. அம்மொழி அறியாதோர் தம் வாழ்வைக் குறித்த சொற்களுக்குப் பிறர் கையை நம்பவேண்டியிருந்தது.

அத்தோட்டங்களிலிருந்தே ஆங்கிலத்தைத் தம் கையில் ஏந்திய ஒருவரும் தோன்றினார். பூண்டுலோயா மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரானவர். ‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’ என்னும் ஆங்கிலக் கவிதை நூலை 1954இல் வெளியிட்டார். 1970இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயர் ‘போர்ன் டு லேபர்’ என்பது. இங்கே ‘டு’ வினையெச்சத்தின் அடையாளம்; உழைக்கவே பிறந்தோர் என்பது பொருள். இதனை ‘யூஸ்ட் டு லேபரிங்’ என்பதோடு ஒப்பிட்டால் உழைத்துப் பழகியோர் என்பதே கிடைக்கும். பழக்கம் ஒருவர் தாமே பெறுவது. பிறக்கும்போதே உழைப்புக்கென்று குறிக்கப்படுதலோ பிறர் சுமத்துவது. அம்மக்கள்மேற் சுமத்தப்பட்ட விதியை அந்நூற்பெயர் மூன்று சொற்களில் உலகுக்கு உணர்த்திற்று.

ஆகவே மலையக மாணவர் ஆங்கிலப் பெயருரிச்சொல்லைத் தனியே கற்காது, அதன் துணையோடு சேர்த்துக் கற்பாராக. அவ்வாறு கற்ற மகன் எழுதும் கடிதத்தில், களைத்த தாய் களைத்தவளாகவே தோன்றுவாள். வேலையை வெறுத்தவளாகத் தோன்றாள்.