தூரத்து மரம் ஏன் வெளிறுகிறது?

நிலக்காட்சி வரையப் பழகுகிறவர்கள் தொலைவில் நிற்கும் மரத்துக்கும் ட்யூப் பச்சையை அப்படியே எடுத்துப் பூசிவிடுவார்கள். மரம் ஓடிவந்து முன்னால் நின்றுகொள்ளும்.

தூரத்து மரம் வெளிறுவதற்குக் காரணம் காற்று. நமக்கும் மரத்துக்கும் நடுவே இருக்கும் காற்றும் ஈரமும் தூசும் வெயிலைச் சிதறடிக்கின்றன. அந்த ஒளி மரத்தின் நிழல்களில் கலந்து அவற்றை வெளிறச் செய்கிறது. தூரம் கூடக் கூடக் கருமை குறையும். நீலமோ சாம்பலோ ஏறும். பனிமூட்டத்தைத் தனியாகத் தீட்டவே வேண்டாம். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள இடைவெளியைச் சுருக்கினால் தானே வந்துவிடும்.

இதில் கைதேர்ந்தவர் ஓவியர் ழான் பிரான்சுவா மில்லே. 1849இல் பாரிசை விட்டு, ஃபோன்தென்புளோ காட்டோரக் கிராமமான பார்பிசோனில் குடியேறியவர். 1857இல் அவர் காட்சிக்கு வைத்த 'கதிர் பொறுக்கும் பெண்கள்' இப்போது பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அறுவடை முடிந்த வயலில் மூன்று பெண்கள் சிந்திய கதிர்களைப் பொறுக்குகிறார்கள். பின்னால் போர்கள், வண்டி, அறுவடைக் கூட்டம், குதிரைமேல் ஒரு கண்காணி. அவ்வளவும் வெளிறிய பொன்னிறத்தில் கரைந்து கிடக்கின்றன. அழுத்தமான நிழலெல்லாம் முன்னாலிருக்கும் பெண்களுக்குத்தான். நன்றாகக் குனிந்த இருவரும் தொடுவானத்தைத் தாண்டாமல் மண்ணோடு மண்ணாக இருக்கிறார்கள். முகம் சரியாகத் தெரியாவிட்டால் என்ன, முதுகின் வளைவே பாட்டைச் சொல்லிவிடுகிறது. தலைத்துணிகளில் கொஞ்சம் நீலம், கொஞ்சம் சிவப்பு. சுற்றிலும் பழுப்பு அடங்கியிருப்பதால் அந்த மங்கிய சிவப்புக்கே கண் போய்விடும்.

இப்படி அடங்கிய நிறங்களுக்கு, வாட்டர்கலரில் பழகுகிறவர்கள் கறுப்பு ட்யூபைத் தொடாமல், அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னாவைக் கலந்து பார்க்கலாம். நீலம் கூடினால் மழைமேகம். சியன்னா கூடினால் ஈரமண். ஏறக்குறைய எதிர்நிறங்கள் என்பதால் ஒன்றின் பளிச்சை மற்றது அடக்கும். ஐந்தாறு நிறங்களைப் போட்டுக் கலக்கினால் கிடைப்பது சேறுதான். தூர மரங்களைத் தாள் ஈரமாக இருக்கும்போதே வைத்துவிட்டால் விளிம்பு கரைந்து தள்ளிப்போகும்.

ஆட்கள் விஷயத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சமதரையில் நின்று பார்த்தால், நம் உயரமுள்ளவர்கள் எவ்வளவு தள்ளி நின்றாலும் தலைகள் தொடுவானத்தை ஒட்டியே இருக்கும். தூரம் போகப் போகக் கால்தான் மேலே ஏறும். பாதத்தைச் செருப்புவரை வரைந்து முடித்தால் ஆள் தரையில் ஒட்டமாட்டார். கால் காய்வதற்குள் தூரிகையால் அதை நிழலோடு சேர்த்து இழுத்துவிட வேண்டும்.