சாகத் தெரியாத செல்கள்... ரகசியம் தெரியுமா?

1951 அக்டோபரில் அமெரிக்காவின் பால்டிமோரில் கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்தார் ஹென்ரியெட்டா லாக்ஸ். வயது 31தான். ஆனால் அவர் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் இன்றுவரை சாகவே இல்லை, தெரியுமா? 'ஹீலா' என்ற பெயரில் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பெருகிக்கொண்டே இருக்கின்றன! (அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே எடுத்தார்கள். அந்த வயிற்றெரிச்சல் தனிக்கதை.)

சாதாரண மனித செல்லை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தால் சுமார் 50 முறை பிரியும், பிறகு நின்றுவிடும். 1961-லேயே விஞ்ஞானி ஹேஃப்ளிக் இதைக் கண்டுசொன்னார். ஏன் நிற்கிறது? முந்தானை நூல் பிரியாமலிருக்கக் குஞ்சம் கட்டுவோமே, அதுபோல குரோமோசோம் நுனியில் இருப்பது டெலோமியர். செல் பிரியப் பிரிய அது தேயும். தேய்ந்ததை மறுபடி நெய்துகொடுக்கும் நொதிதான் டெலோமரேஸ்!

இதைக் கண்டுபிடித்தது எதில் தெரியுமா? குளத்து நீரில் நீந்தும் ஒற்றைச் செல் உயிரி ஒன்றில்! எலிசபெத் பிளாக்பர்னும் அவர் மாணவி கரோல் கிரைடரும் 1984-ல் கண்டார்கள். அதன் முதல் தடயம் கிரைடர் கண்ணில் பட்டது கிறிஸ்துமஸ் நாளன்று. 2009-ல் நோபல் பரிசு. மனித செல்லில் அதே நொதி 1989-ல் முதன்முதலாகச் சிக்கியது எங்கே? ஹென்ரியெட்டாவின் ஹீலா செல்களில்!

அதை அங்கே முடுக்கிவிட்டதில் ஒரு வைரஸுக்கும் பங்குண்டு: ஹெச்.பி.வி. 18. அதன் ஈ6 என்ற புரதம், செல்லின் காவல்காரப் புரதமான பி53-ஐ ஒழித்துக்கட்டும். அதோடு விடாமல், உறங்கிக் கிடக்கும் டெலோமரேஸ் மரபணுவையும் தட்டி எழுப்பும். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்! ஹெச்.பி.வி. தடுப்பூசி தடுக்கும் வகைகளில் இந்த 18-ம் ஒன்று.

இந்த நொதி தென்பட்டாலே புற்றுநோய் என்று பயப்படாதீர்கள். உடலின் பெரும்பாலான செல்களில் அடங்கிக் கிடக்கும் டெலோமரேஸ், கருப்பையின் உட்சவ்வில் மாதாமாதம் விழிக்கிறது! மாதவிலக்கு முடிந்து சவ்வு புதிதாக வளரும்போது ஏறும், சுழற்சியின் பிற்பாதியில் இறங்கும். உட்சவ்வுப் புற்றுநோயிலோ ஏறினால் இறங்குவதில்லை.

சூலகப் புற்றுநோயில் வயிற்றில் நீர் கோக்குமே, அந்த நீரில் மிதந்த புற்றுச் செல்களிலும் 1994-ல் இதே நொதியைப் பிடித்தார்கள்.

அப்படியானால் இதை முடக்கினால் போதாதா? முடக்கும் மருந்து வந்தேவிட்டது! இமெடெல்ஸ்டாட் என்ற அதற்கு 2024-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. ஆனால் கருப்பைக்கோ சூலகத்துக்கோ அல்ல, எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும் ஒரு ரத்த நோய்க்கு.