இணையப் பெயருக்கு எத்தனை வாடகை? – ஒரு பாத்திர வியாபாரியின் கணக்கு

நம் சங்க மலரின் பழைய இதழ்களைப் பத்திரமாக வைத்திருக்கும் அன்பர்கள் அவற்றின் பின்னட்டையைப் பாருங்கள். சங்கத்தின் இணையதள முகவரி என்று ஒன்று அச்சாகியிருக்கும். தயவுசெய்து அதைத் தட்டிப் பார்க்க வேண்டாம். இப்போது அங்கே ரம்மி ஆட வாருங்கள் என்று கூப்பிடுகிறார்கள்!

நடந்தது இதுதான். சங்கத்துக்கு இணையதளம் வேண்டுமென்று முடிவானபோது ஒரு உறுப்பினருக்குத் தெரிந்த பையன் செய்து கொடுத்தான். நல்ல பையன், கூலிகூட அதிகம் கேட்கவில்லை. ஆனால் பெயரைத் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிவு செய்துவிட்டான். பிறகு வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டான், அந்த மின்னஞ்சலையும் விட்டுவிட்டான். "தவணை முடிகிறது, பணம் கட்டுங்கள்" என்று வந்த கடிதங்களெல்லாம் பூட்டிய வீட்டு வாசலில் விழுந்த தபால் மாதிரி கிடந்தன. ஆண்டு விழாப் படங்கள் காணோமே என்று ஒரு அம்மா கேட்டபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. புதிய சொந்தக்காரர் யாரென்று தேடி விலை கேட்டோம். டாலரில், ஆயிரக்கணக்கில் சொன்னார். வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய்ச் சமாசாரம் அது. இப்போது வேறு பெயரில் தளம் நடத்துகிறோம். அச்சான மலர்களை மாற்ற முடியாதல்லவா?

ஆரணிப் பக்கத்திலிருந்து அகமதாபாத் வந்து எவர்சில்வர் பாத்திரம் விற்கும் எனக்கு இதில் என்ன பாத்தியதை என்று கேட்கலாம். மேற்படி சம்பவத்துக்குப் பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கொள்முதல், அடக்கம், லாபம் என்று எதையும் பிரித்துப் பார்ப்பது என் தொழில். இந்தச் சரக்கையும் அப்படிப் பிரித்துப் பார்த்தேன். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் பெயர் விளக்கம். டொமைன் என்பதை 'ஆள்களப் பெயர்' என்று தமிழில் சொல்கிறார்கள். ஆள்களம் என்றால் நாம் ஆளும் களம் என்ற நினைப்பு வருகிறது. உண்மை அப்படியில்லை. இது கிரயம் அல்ல, குத்தகை. யாரும் இணையப் பெயரை விலைக்கு வாங்குவதில்லை. ஒரு வருஷம் முதல் அதிகபட்சம் பத்து வருஷம் வரை குத்தகைக்கு எடுக்கிறோம், அவ்வளவுதான். "டொமைன் வாங்கிட்டேன்" என்று சொல்லும்போதே பாதித் தவறு ஆரம்பமாகிவிடுகிறது. குத்தகைக்காரன் முதல் வருஷத் தொகையைப் பார்த்து மயங்கக் கூடாது. அடுத்தடுத்த வருஷம் என்ன கேட்பான் என்றுதான் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பெயர் வேறு, தளம் குடியிருக்கும் கணினி இடம் வேறு. அதை ஹோஸ்டிங் என்கிறார்கள். பெயர் என்பது கடைப் பலகை, ஹோஸ்டிங் என்பது கடைக் கட்டிடம். இரண்டையும் ஒரே இடத்தில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

இந்தக் குத்தகை எப்படி வந்தது? 1995 செப்டம்பர் வரை பெயர்ப் பதிவு இலவசம். செலவை அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை ஏற்றது. அதன்பின் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற ஒரே நிறுவனம் இரண்டு வருஷத்துக்கு 100 டாலர் வாங்க ஆரம்பித்தது. 1998-ல் அது 70 டாலர் ஆயிற்று. அதே வருஷம் ஐகான் என்ற அமைப்பு உண்டாகி, 1999 முதல் பல கடைக்காரர்களைப் பதிவு செய்ய அனுமதித்தது. போட்டி வந்ததும் விலை சரிந்தது. நம் நாட்டு டாட் இன் கதையும் கிட்டத்தட்ட இதேதான். 2005-க்கு முன் கட்டுப்பாடுகள் அதிகம். மொத்தமே ஏழாயிரம் பெயர் அளவில்தான் பதிவாகியிருந்தது. 2003-ல் அமைந்த நிக்ஸி என்ற அமைப்பு 2005-ல் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட பிறகுதான் லட்சக்கணக்கில் பெருகிற்று.

இப்போது சரக்கு வரும் வழியைப் பார்ப்போம். மேலே இருப்பது பதிவகம், நம் பாஷையில் ஆலை. டாட் காமுக்கு வெரிசைன், டாட் இன்னுக்கு நிக்ஸி. ஒரு முடிவுக்கு ஒரே ஆலைதான். அதற்குக் கீழே பதிவாளர்கள், அதாவது மொத்த வியாபாரிகள். அவர்களுக்கும் கீழே மறுவிற்பனை செய்யும் சில்லறைக் கடைகள். எந்தக் கடையில் எடுத்தாலும் சரக்கு ஒன்றே. விலை கூடக் கொடுத்தால் டாட் காம் நன்றாக ஓடும் என்பதெல்லாம் கிடையாது!

டாட் காமின் ஆலை விலை ரகசியம் இல்லை. 2012 முதல் 7.85 டாலராக நின்றிருந்தது. 2021 முதல் வருஷத்துக்கு ஏழு சதவீதம் வரை ஏற்றி, 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆனது. ஒப்பந்தப்படி ஆறு வருஷத்தில் நாலு வருஷம் இப்படி ஏற்றலாம். ஐகானுக்கு ஒரு சிறு கட்டணம் உண்டு. 18 சென்ட்டாக இருந்ததை 2025 ஜூலையில் 20 சென்ட் ஆக்கினார்கள். ஆக 10.46 டாலர். டாலரை 85 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்தால் சுமார் 890 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 160 ரூபாய். 1,050 ரூபாய் அடக்கம். டாலர் ஏறினால் இதுவும் ஏறும்.

இந்த ஒரு எண் கையில் இருந்தால் போதும், எல்லா விளம்பரமும் புரிந்துவிடும். 99 ரூபாய்க்கு டாட் காம் என்று ஒருவர் கொடுத்தால் அவர் நஷ்டத்துக்கு விற்கிறார். எந்த வியாபாரியும் சும்மா நஷ்டப்பட மாட்டான். எங்கள் தொழிலில் வாணலியை அடக்கத்துக்குக் கீழே வைத்துக் குக்கரில் எடுப்பார்கள். இங்கே இரண்டாவது வருஷப் புதுப்பித்தலில் எடுக்கிறார்கள். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: முதல் வருஷம் 149, பிறகு வருஷம் 1,599 என்கிறது ஒரு கடை. எந்த வருஷமும் 1,100 என்கிறது இன்னொன்று. ஐந்து வருஷத்தில் முதல் கடைக்கு 6,545 ரூபாய், இரண்டாவதற்கு 5,500. வரி இரண்டுக்கும் தனி. ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி "இப்போ எவ்வளவு?" அல்ல, "ரின்யூவல் எவ்வளவு?" என்பதுதான். அந்த விலை எங்கோ அடியில் பொடி எழுத்தில் இருக்கும், தேடினால் கிடைக்கும்.

சலுகையை விட மனசில்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. சலுகையில் எடுத்துவிட்டு, தவணை முடியும் முன் மலிவான பதிவாளருக்குப் பெயரை மாற்றிக்கொள்ளலாம். பதிவு செய்த முதல் 60 நாள் மாற்ற முடியாது. பிறகு பழைய இடத்தில் பூட்டை நீக்கி, ஒரு ரகசியக் குறியீட்டை வாங்கிப் புது இடத்தில் கொடுக்க வேண்டும். டாட் காமில் மாற்றுவதற்கு ஒரு வருஷக் கட்டணம் கட்டுகிறோம், அந்த ஒரு வருஷம் இருக்கும் தவணையோடு சேர்ந்துவிடும். ஆகவே காசு வீணில்லை. தவணை முடியும் நாள் வரை காத்திருக்காமல் ஒரு மாதம் முன்பே செய்துவிடுங்கள். இது நியாயமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். சலுகை கொடுத்தது அவர்கள், எடுத்துக்கொண்டது நாம். இதில் பாவம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது கொசுறுகள். பணம் கட்டும் பக்கத்தில் ஏற்கெனவே நாலைந்து கட்டங்களில் டிக் அடித்து வைத்திருப்பார்கள். தனியுரிமைப் பாதுகாப்பு, மின்னஞ்சல், தளம் கட்டும் கருவி, பாதுகாப்புச் சான்றிதழ் என்று வரிசையாக வரும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் தாமே போட்டுத் தருகின்றன. தனியுரிமைக்கும் தனிக் காசு தேவையில்லை. 2018-ல் ஐரோப்பியச் சட்டம் வந்தபின் டாட் காம் போன்றவற்றில் பெரும்பாலான பதிவாளர்கள் விவரத்தைத் தாமே மறைக்கிறார்கள். டாட் இன்னிலோ முகமூடி போட்டுப் பதிவு செய்ய விதியே இடம் தரவில்லை.

எந்த முடிவை எடுப்பது? குடும்பத்துக்கும் கடைக்கும் டாட் இன் அல்லது டாட் காம் போதும். சங்கங்கள் விரும்பும் டாட் ஆர்க்குக்கு இருந்த விலை உச்சவரம்பை 2019-ல் நீக்கிவிட்டார்கள். அதே வருஷம் அந்தப் பதிவகத்தையே ஒரு தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப் பார்த்தார்கள். உலகம் முழுக்கத் தொண்டு அமைப்புகள் கூச்சல் போட்ட பிறகு 2020 ஏப்ரலில் ஐகான் சம்மதம் மறுத்தது. ஆனாலும் உச்சவரம்பு திரும்பி வரவில்லை. டாட் ஷாப், டாட் ஆன்லைன் போன்ற புதுசுகளுக்கும் உச்சவரம்பு கிடையாது. இலவசம் என்று டாட் டிகே பெயர்களை வாரி எடுத்தவர்கள் பலர். அதை நடத்திய நிறுவனம் 2023-ல் பதிவை நிறுத்தி, 2024-ல் தொழிலையே விட்டுப் போனது. டாட் இந்தியா என்று தமிழ் எழுத்திலேயே முடியும் பெயரும் உண்டு. எனக்கு ஆசைதான். ஆனால் பல மின்னஞ்சல் சேவைகளும் படிவங்களும் அதை இன்னும் ஏற்பதில்லை என்பதால், இரண்டாவது பெயராக மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒரே பெயரை ஆறு முடிவுகளில் வாங்கிப் பூட்டி வைப்பதும் வேண்டாம், ஆறுக்கும் வருஷா வருஷம் குத்தகை உண்டு.

சரி, இந்த மிச்சமெல்லாம் நூறும் ஐந்நூறுமாக வருவது. பெரிய செலவு தவணையைத் தவற விடுவதில் இருக்கிறது. டாட் காமில் தேதி தாண்டினால் பதிவாளரைப் பொறுத்து ஒரு மாதம் போலப் பழைய விலையிலேயே கட்ட விடுவார்கள். சிலர் அதற்குள்ளாகவே ஏலத்தில் விட்டுவிடுவார்கள். பெயர் நீக்கப்பட்டபின் 30 நாள் மீட்புக் காலம். அப்போது மீட்கப் பல மடங்கு அபராதம் கட்ட வேண்டும். அதன்பின் ஐந்து நாள். ஆறாவது நாள் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுக்கக் கணினி நிரல்களோடு காத்திருக்கிறார்கள். பழைய பெயருக்கு ஏற்கெனவே ஆட்கள் வந்து போவார்கள் அல்லவா, அந்தக் கூட்டத்துக்குத்தான் விலை. போனபின் சட்டப்படி மீட்கலாமே என்றால், நம் உச்ச நீதிமன்றம் 2004-ல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் இணையப் பெயருக்கும் வணிகச் சின்னம் போன்ற பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் டாட் காம் தகராறை ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பில் புகார் செய்யவே 1,500 டாலர் கட்டணம். சங்க நிதியில் அது ஒரு பொங்கல் விழாச் செலவு!

நமக்கு மட்டும் மறதி என்று வெட்கப்பட வேண்டாம். 1999 கிறிஸ்துமஸ் சமயம் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே பாஸ்போர்ட் டாட் காம் பெயருக்கு 35 டாலர் கட்ட விட்டுப்போய், பலருக்கு ஹாட்மெயில் திறக்காமல் போனது. ஒரு புரோகிராமர் தன் சொந்தக் கார்டில் கட்டி உதவினார். அத்தகைய புண்ணியவான் நமக்கு அமைவார் என்று நம்பி இருக்க முடியாது.

"ஆட்டோ ரின்யூவல் போட்டிருக்கேன்" என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்க முன்கூட்டியே நம் சம்மதம் பதிவாகியிருக்க வேண்டும். பல வெளிநாட்டுக் கடைகளின் தானியங்கிப் பிடித்தம் இங்கே நின்றே போயிற்று. கார்டு காலாவதியானாலும் அதே கதி. அதனால் நானே கையால் கட்டுகிறேன். விலையேற்றத்துக்கு ஆறு மாதம் முன்பே ஆலை அறிவிக்க வேண்டும் என்று டாட் காம் ஒப்பந்தம் சொல்கிறது. அந்த அறிவிப்பு வரும்போது மூன்று, ஐந்து வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினால் பழைய விலையே கிடைக்கும். ஜிஎஸ்டி எண் உள்ள வியாபாரிகள் பில்லில் அந்த எண்ணைப் போடச் சொல்லுங்கள், 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். சேர்த்துக் கட்டுவதில் இன்னொரு அபாயம் உண்டு. ஐந்து வருஷம் கழித்து யாருக்கு ஞாபகம் இருக்கும்? இந்த ஊர் வியாபாரிகள் தீபாவளிக்குச் சோப்டா பூஜை போட்டுப் புதுக் கணக்குப் புத்தகம் திறப்பார்களே, அதன் முதல் பக்கத்தில் நான் பெயரையும் முடியும் தேதியையும் எழுதிவிடுகிறேன். வருஷா வருஷம் புதுப் புத்தகத்துக்கு மாற்றி எழுதும்போது கண்ணில் பட்டே தீரும்.

பொய் பில்களும் வரும், ஜாக்கிரதை. உங்கள் பெயர் முடியப் போகிறது, உடனே இத்தனை டாலர் கட்டுங்கள் என்று அரசாங்கக் கடிதம் போல ஒன்று வரும். பெயர் எந்தப் பதிவாளரிடம் இருக்கிறதோ அவருடைய தளத்தில் நீங்களே நுழைந்து பாருங்கள். கடிதத்தில் உள்ள இணைப்பைத் தொட வேண்டாம்.

இப்போது சங்கத்தின் புதுப் பெயர் சங்கத்தின் பேரிலேயே இருக்கிறது. மின்னஞ்சல் எந்தத் தனிமனிதருடையதும் அல்ல, செயலாளர் பதவிக்கு உரியது. ஒரு விஷயம் அனுபவத்தில் கற்றோம்: அந்த மின்னஞ்சல் அதே பெயரில் முடிவதாக இருக்கக் கூடாது. பெயர் நின்றால் அதுவும் சேர்ந்து நின்றுவிடும். கடவுச்சொல் ஒரு உறையில் பொருளாளரிடம் இருக்கிறது. நிர்வாகிகள் மாறும்போது அலமாரிச் சாவியோடு அந்த உறையும் கைமாற வேண்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம்.

உங்கள் கடைக்கோ பிள்ளைகளின் தொழிலுக்கோ பெயர் எடுத்திருந்தால், அது என்றைக்கு முடிகிறது, யார் வசம் இருக்கிறது என்று தெரியுமா? டாட் காமுக்கு ஐகான் அமைப்பின் தேடல் பக்கத்தில் பெயரைத் தட்டினால் முடியும் தேதியும் பதிவாளர் யார் என்பதும் வரும். டாட் இன்னுக்கு அதன் பதிவகத் தளத்தில் பார்க்கலாம். காசு கிடையாது, இரண்டு நிமிஷ வேலை. புரியவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை மாலை மணிநகர் சங்கக் கட்டிடத்துக்கு வாருங்கள், நான் அங்கேதான் இருப்பேன்.