இதய நோயாளியின் உணவும் ஓர் அமானிதமே





ஸஹாபி ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரழி) அவர்கள் ஒருமுறை நோயுற்றிருந்தார்கள். நலம் விசாரிக்கச் சென்ற நபி (ஸல்) அவர்கள் அவரது மார்பில் கை வைத்து, அவருக்கு நெஞ்சில் நோய் இருப்பதாகக் கூறி, தகீஃப் கோத்திரத்து வைத்தியரான ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லுமாறு பணித்தார்கள். அஜ்வா பேரீச்சம்பழம் உட்கொள்ளும் முறையையும் சொல்லிக் கொடுத்தார்கள். ஸுனன் அபீதாவூதில் பதிவாகியுள்ள இச்செய்தியில் வைத்தியரும் உணவும் ஒன்றாகவே இடம்பெறுகின்றன. நம் வீடுகளிலோ இவ்விரண்டும் பிரிந்து கிடக்கின்றன. குளிசையை வைத்தியர் தீர்மானிக்கின்றார். உணவை அயலவரின் பேச்சு தீர்மானிக்கின்றது. இதன் தீங்கை என் வீட்டிலேயே கண்டேன்.

எனது உம்மாவுக்குச் சிறுவயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிட்டது. பின்னாளில் இதயத் துடிப்பும் ஒழுங்கு தவறியது. வார்பரின், டிகொக்சின் ஆகிய குளிசைகளை வைத்தியர் கொடுத்திருந்தார். ஒரு ரமழானில், "நோன்பு காலத்தில் இடைக்கிடை குளிசையை விட்டால் என்ன மகன்?" என்று உம்மா கேட்டார்கள். நான் மார்க்கம் படித்தவன், மருத்துவம் படித்தவனல்லன். இருந்தும் எவரிடமும் விசாரிக்காமல், "பரவாயில்லை உம்மா" என்று கூறிவிட்டேன். அதே நாட்களில், இரத்தம் சுத்தமாகும் என்று ஒருவர் சொன்னதை நம்பி, ஸஹருக்கு வல்லாரைக் கஞ்சியும் இரவில் முருங்கையிலைச் சுண்டலும் நாள் தவறாமல் ஆக்கினோம். பெருநாளைக்குப் பின் கிளினிக்கில் இரத்தம் சோதித்தபோது, மருந்தின் காவல் பெருமளவு குறைந்திருந்தது தெரியவந்தது. அல்லாஹ்வின் அருளால் பாரிசவாதம் ஏற்படவில்லை. அன்று வைத்தியர் விளக்கியவற்றையும் பின்னர் நான் படித்தறிந்தவற்றையும் உங்கள் முன் வைக்கின்றேன்.

இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும்போது அங்கே இரத்தம் தேங்கிக் கட்டியாகலாம். அக்கட்டி மூளைக்குச் சென்றால் பாரிசவாதம் உண்டாகும். இதைத் தடுக்கவே வார்பரின் கொடுக்கப்படுகின்றது. 1920களில் வட அமெரிக்காவில் பூஞ்சணம் பிடித்த ஒருவகைத் தீவனத்தை உண்ட மாடுகள் இரத்தம் உறையாமல் மடிந்தன. அதற்குக் காரணமான பொருளை விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் என்பவரின் குழுவினர் கண்டறிந்தனர். அதன் வழிவந்த வார்பரின் 1948இல் எலிப் பாஷாணமாகவும், 1954 முதல் மனிதருக்கான மருந்தாகவும் பயன்பாட்டுக்கு வந்தது. அளவு கூடினால் இரத்தக் கசிவு. குறைந்தால் இரத்தக் கட்டி. ஆகவேதான் ஐ.என்.ஆர். என்னும் சோதனை அடிக்கடி செய்யப்படுகின்றது. துடிப்புக் கோளாறுள்ள பெரும்பாலானோருக்கு அது 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும்.

இரத்தம் உறைவதற்கு விற்றமின் கே தேவை. வார்பரின் அதன் வேலையைத் தடுக்கின்றது. முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன் போன்ற பச்சை இலைகளில் இந்த விற்றமின் நிறைந்துள்ளது. கீரை திடீரெனக் கூடினால் மருந்தின் வலிமை குறையும். கீரையைத் திடீரென நிறுத்தினால் மருந்தின் வலிமை மிஞ்சி இரத்தம் கசியலாம். எனவே கீரையை விலக்கவும் வேண்டாம், மருந்தாக எண்ணி அள்ளி உண்ணவும் வேண்டாம். வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவு உண்ணுங்கள். உணவுப் பழக்கத்தை மாற்ற விரும்பினால் முதலில் கிளினிக்கில் கூறுங்கள்.

"கீரைக் கட்டுப்பாடு இல்லாத புதிய மருந்துகள் உள்ளனவே" என்று சிலர் கேட்பர். உண்மைதான். ஆயினும் மூட்டுவாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களுக்கு வார்பரின் வகையே மேலானது என 2022இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று காட்டியது. உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் வார்பரினே உரியது. பிறருக்குக் கொடுக்கப்படும் ரிவரொக்சபான் குளிசையை உணவோடு எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் அது சரியாக உடலில் சேராது.

டிகொக்சின் ஒரு பூஞ்செடியின் இலையிலிருந்து வந்த மருந்து. அச்செடியின் பயனை 1785இல் வில்லியம் விதரிங் என்னும் ஆங்கில வைத்தியர் நூலாக எழுதினார். உடலில் பொட்டாசியம் குறைந்தால் வழமையான அளவு டிகொக்சினும் நஞ்சாகலாம். வயிற்றோட்டம், வாந்தி, சிறுநீர் அதிகம் போகச் செய்யும் குளிசை ஆகியன பொட்டாசியத்தைக் குறைக்கும். இருமலுக்கு நாம் அவித்துக் குடிக்கும் அதிமதுரமும் அவ்வாறே. எகிப்திலும் சிரியாவிலும் இப்தாரின்போது அதிமதுரப் பானம் அருந்தும் வழக்கம் உண்டு. டிகொக்சின் எடுப்போர் அதைத் தவிர்க்க வேண்டும். அதற்காக இளநீரையும் பேரீச்சம்பழத்தையும் அளவின்றி உண்பதும் தவறு. சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் மிகுவதும் இதயத்துக்கு ஆபத்தாகும். பசியின்மை, குமட்டல், பார்வையில் மஞ்சள் நிறம், நாடி மந்தமாதல் ஆகியன தோன்றினால் தாமதியாது வைத்தியரை நாடுங்கள்.

அமியோடரோன் எடுப்போர் கிரேப்புரூட் பழச்சாற்றைத் தவிர்க்க வேண்டும். பம்பளிமாஸ் பழமும் அதே இனத்தைச் சேர்ந்தது. இப்பழங்கள் குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பதால் இரத்தத்தில் மருந்து கூடிவிடும்.

கருஞ்சீரகம், உள்ளி ஆகியன கறியில் சேர்வது வேறு. எண்ணெயாகவும் குளிசையாகவும் தினமும் விழுங்குவது வேறு. அவ்வாறு எடுப்போர் அதை வைத்தியரிடம் மறைக்க வேண்டாம். கருவாடும் ஊறுகாயும் நம் கரையோர ஊர்களின் விருப்ப உணவுகள். ஆனால் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. வாலிபர்களே, துடிப்புக் கோளாறுள்ளவர்கள் சக்தி தரும் என்று விற்கப்படும் கஃபீன் மிகுந்த பானங்களை அருந்த வேண்டாம்.

நோன்பைப் பற்றி ஒரு வார்த்தை. நோயாளி வேறு நாட்களில் கழாச் செய்யலாம் என்ற சலுகையை ஸூரதுல் பகராவின் 184, 185ஆம் வசனங்கள் தருகின்றன. குணமடையும் எதிர்பார்ப்பு இல்லாதவர் பித்யா கொடுப்பார். நோன்பினால் உயிருக்கு ஆபத்து நேருமென அஞ்சுபவர் நோன்பு நோற்பது கூடாது. இது அல்லாஹ் அளித்த சலுகை. இதில் வெட்கப்பட ஏதுமில்லை. நோன்பு நோற்க முடியுமா என்பதை ரமழானுக்குச் சில வாரங்கள் முன்பே வைத்தியரிடம் கேளுங்கள். வார்பரின் பொதுவாக நாளுக்கு ஒரு தடவை, மாலையில் எடுக்கும் மருந்து. ஆகவே நோன்பு நோற்க வைத்தியர் அனுமதித்தால், இப்தாருக்குப் பின் எடுப்பது பலருக்கும் இயலும். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாக எடுக்க வேண்டாம். மறந்ததைக் கொப்பியில் குறித்துக் கிளினிக்கில் சொல்லுங்கள்.

காரைதீவு, மாளிகைக்காடு, சாய்ந்தமருது, கல்முனை, நிந்தவூர் மக்களே! உங்கள் உம்மா, வாப்பாவின் கிளினிக் கொப்பியை இன்றிரவு ஒருமுறை திறந்து பாருங்கள். குளிசையின் பெயரையும் அடுத்த இரத்தச் சோதனைத் திகதியையும் அடுப்படியில் ஒட்டி வையுங்கள். முகம் கோணினால், ஒரு கை சோர்ந்தால், பேச்சு குழறினால், மலம் கறுத்தால், தலையில் அடிபட்டால் காத்திருக்க வேண்டாம். 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.

என் உம்மா இன்றும் முருங்கையிலைச் சுண்டல் உண்கின்றார்கள். வாரத்தில் இரண்டு நாட்கள், ஒரே அளவு. குளிசையைப் பற்றி எவரேனும் என்னிடம் கேட்டால், "வைத்தியரிடம் கேட்டு வருவோம்" என்று கூறி நானும் கூடச் செல்கின்றேன்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்குப் பூரண ஷிபாவைத் தருவாயாக! அறியாததை அறிந்ததுபோல் கூறுவதிலிருந்து எங்களைப் பாதுகாப்பாயாக! ஆமீன்.