எடைக் கருவி எதை அளக்கிறது?

எடைக் கருவிக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நம் பாதங்கள் அதை எவ்வளவு விசையுடன் அழுத்துகின்றன என்பது. அந்த விசையைத்தான் அது கிலோவாக மாற்றிக் காட்டுகிறது. விசை மாறினால் எண்ணும் மாறும். உடல் மாறியிருக்க வேண்டியதில்லை.

இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஈசூனில் நான் வசிக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் மின்தூக்கியே போதுமானதாக இருந்தது. மின்னிலக்கக் கருவிகள் பெரும்பாலும் ஓர் எண்ணைக் காட்டி நின்றுவிடும். அதனால் முள் வைத்த பழைய கருவியைக் கொண்டுசென்று அதன்மேல் ஏறி நின்றேன். மின்தூக்கி மேலே கிளம்பியதும் முள் கூடுதலாகக் காட்டியது. சீரான வேகத்துக்கு வந்ததும் பழைய இடத்துக்குத் திரும்பியது. நிற்கப்போகும் நேரத்தில் குறைந்தது. கீழே இறங்கியபோது எல்லாம் நேர்மாறு.

கணக்கும் எளிதுதான். மின்தூக்கியின் வேகம் ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 1 மீட்டர் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே செல்லும் அந்தத் தருணத்தில், 60 கிலோ நிறையுள்ள ஒருவருக்குக் கருவி ஏறக்குறைய 66 கிலோ காட்டும்.

நாம் நிற்கும் ஊருக்கும் இதில் பங்குண்டு. பூமி தன்னைத்தானே சுற்றுகிறது; அதன் நடுப்பகுதி சற்றுப் பருத்தும் இருக்கிறது. அதனால் பூமத்திய ரேகைக்கு அருகே ஈர்ப்பு முடுக்கம் குறைவு. லண்டனில் அது 9.81, சிங்கப்பூரில் 9.78. லண்டனில் சரிபார்த்த கருவியை அப்படியே இங்கு கொண்டுவந்தால், 60 கிலோ நிறையுள்ளவருக்குக் கிட்டத்தட்ட 200 கிராம் குறைத்துக் காட்டும். 1672ஆம் ஆண்டில் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள கயேனுக்குச் சென்றபோது, அவருடைய ஊசல் கடிகாரம் நாளுக்கு ஏறக்குறைய இரண்டரை நிமிடம் பின்தங்கியதற்கும் இதுவே காரணம்.

இரு தட்டுத் தராசுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பொருளையும் படிக்கல்லையும் ஒரே ஈர்ப்பு இழுப்பதால், நிலாவில் நிறுத்தாலும் அது ஒரே விடையைத்தான் தரும்.

உயர்நிலை மூன்றில் படிக்கும் என் தங்கை, காலையில் அரை கிலோ கூடுதலாகத் தெரிந்தால் அன்று மதிய உணவைத் தவிர்த்துவிடுவாள். அவளுடைய தோழிகள் சிலரும் அப்படித்தான். அரை லிட்டர் தண்ணீர் குடித்தாலே கருவியில் அரை கிலோ கூடிவிடும். அதில் தண்ணீர் எவ்வளவு, உணவு எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று காலடி விசையை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

எடை பார்ப்பது தவறில்லை. கெட்டியான, சமமான தரையில் கருவியை வையுங்கள். காலை உணவுக்கு முன், ஒரே மாதிரி உடையில் பாருங்கள். ஒரு நாள் எண்ணை விட்டுவிட்டு, சில வாரங்களில் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று கவனியுங்கள். அந்த எண்ணுக்குப் பயந்து சாப்பாட்டைத் தவிர்க்கத் தொடங்கியிருந்தால், பள்ளி ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ தயங்காமல் பேசுங்கள்.