இலவச டிக்கெட்டின் விலை

பணம் கொடுத்து வாங்கும் பொருளைப் பணம் உள்ளவன் வாங்கிக்கொண்டு போகிறான். அதில் மற்றவர்களுக்கு வருத்தம் இருக்கலாமே தவிர வழக்கு இல்லை. ஆனால் பலருக்கும் சமமான உரிமை உள்ள ஒரு பொருள், எல்லோருக்கும் போதாத அளவில், விலையின்றிக் கொடுக்கப்படும்போதுதான், யாருக்கு முதலில் கொடுப்பது, எதைக் கொண்டு தீர்மானிப்பது, தீர்மானித்ததைக் கிடைக்காதவனும் ஒப்புக்கொள்ளும்படி எவ்வாறு செய்வது என்ற கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புகின்றன. இந்தக் கேள்விகளுக்கு அமெரிக்க சர்வகலாசாலை மாணவர்கள், நாற்பது ஆண்டுக் காலமாக, தங்கள் கூடைப்பந்து அரங்கங்களின் வாசலில் நின்றபடியே விடை தேடி வந்திருக்கிறார்கள். ஆட்டம் பார்ப்பதற்கான ஏற்பாடுதானே என்று அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாத அளவுக்கு அந்த விடைகளில் யோசனையும் அனுபவமும் நிறைந்திருக்கின்றன.

1891-ஆம் ஆண்டு டிசம்பரில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்ஃபீல்டில், பனிக்காலத்தில் வெளியே ஆட முடியாத இளைஞர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் கண்டுபிடித்த விளையாட்டு கூடைப்பந்து. கூரையின் கீழ் ஆடுவதற்கென்றே பிறந்த ஆட்டமாகையால், கால்பந்தைப் போல லட்சம் பேரை உட்கார வைக்கும் திறந்தவெளி மைதானங்கள் அதற்கு வாய்க்கவில்லை. பெரும்பாலும் சில ஆயிரம் பேர் அமரக்கூடிய மண்டபமே அதற்குக் கிடைத்தது. மற்றொரு புறம், அமெரிக்காவில் கலாசாலைக் குழுக்களின் ஆட்டங்களுக்கு இருக்கும் மதிப்பு சாமான்யமானதன்று. ஓர் ஊரின் பெருமையும், பழைய மாணவர்களின் அபிமானமும், நன்கொடையாளர்களின் தாராளமும் அந்தக் குழுவைச் சுற்றியே வட்டமிடுகின்றன. ஆகவே இடம் குறைவு, ஆசை அதிகம் என்ற நிலைமை இயல்பாகவே ஏற்பட்டுவிடுகிறது.

இந்த நிலைமை எல்லாவற்றினும் கூர்மையாகத் தெரியும் இடம், நார்த் கரோலினா மாகாணத்தின் டர்ஹம் நகரிலுள்ள டியூக் சர்வகலாசாலை. அங்குள்ள கேமரான் உள்ளரங்கம் 1940 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதில் அமரக்கூடியவர்கள் 9,314 பேர். புதிய அரங்கங்களில் இருபதாயிரம் பேர் உட்காருகிற இக்காலத்தில் இது மிகச் சிறியது. மேல் வரிசை நாற்காலிகளில் பெரும்பாலும் நன்கொடையாளர்களும் பழைய மாணவர்களும் அமர்கிறார்கள். ஆட்டக்களத்தை ஒட்டி, வீரர்களின் மூச்சு கேட்கும் தூரத்தில் போடப்பட்டிருக்கும் பலகைகளையோ நிர்வாகம் மாணவர்களுக்கு விட்டு வைத்திருக்கிறது. இளங்கலை மாணவர்களுக்கு உரியவை சுமார் 1,200 இடங்கள். அந்த மாணவர்களின் தொகையோ ஆறாயிரத்துக்கு மேல். டிக்கெட்டுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. மாணவர் அடையாள அட்டையே போதும். இது வெறும் தர்மசிந்தனை அல்ல. இடைவிடாமல் கூச்சலிடும் இளைஞர் கூட்டம் களத்தின் ஓரத்தில் இருப்பது எதிர்க்குழுவைக் கலங்க வைக்கும் பலம் என்பதும், தொலைக்காட்சியில் அந்த உற்சாகமே சர்வகலாசாலைக்கு விளம்பரம் என்பதும் நிர்வாகத்துக்குத் தெரியாதவை அல்ல.

அந்தக் கூச்சல் சில சமயம் வரம்பு மீறியதும் உண்டு. 1984 ஜனவரியில் ஓர் ஆட்டத்தின்போது மாணவர்கள் நடந்துகொண்ட விதம் பத்திரிகைகளில் கண்டனத்துக்கு உள்ளானபோது, சர்வகலாசாலைத் தலைவராயிருந்த டெர்ரி சான்ஃபோர்டு, கண்டித்துச் சுற்றறிக்கை அனுப்பாமல், ஒரு மாமாவின் ஸ்தானத்தில் இருந்துகொண்டு அன்பாக ஒரு கடிதம் எழுதினார். அடுத்த ஆட்டத்தில் மாணவர்கள் வேண்டுமென்றே மிதமிஞ்சிய மரியாதையோடு நடந்துகொண்டார்கள். மேலிருந்து வரும் உத்தரவைவிடத் தாங்களே ஏற்றுக்கொள்ளும் ஒழுங்குக்கு இளைஞர்கள் கட்டுப்படுகிறார்கள் என்பதை இந்தச் சம்பவம் உணர்த்திற்று.

டியூக்குக்கு வாய்த்த பரம விரோதி, பத்து மைல் தொலைவிலுள்ள சாப்பல் ஹில் நகரத்து நார்த் கரோலினா சர்வகலாசாலை. அந்தக் குழு டர்ஹமுக்கு வரும் ஒரு நாளுக்காக மாணவர்கள் முன்பெல்லாம் ஆட்டத்தன்று காலையிலிருந்து நின்றார்கள். பிறகு முந்தின இரவே வந்தார்கள். 1986-இல் சில மாணவர்கள் கூடாரங்களை வாடகைக்கு எடுத்துவந்து அரங்கத்தின் எதிரிலுள்ள புல்வெளியில் நாட்கணக்கில் தங்கிவிட்டார்கள். அதிலிருந்து வருஷந்தோறும் தை, மாசி மாதக் குளிரில் ஒரு கூடார ஊரே அங்கு எழும்புவது சம்பிரதாயமாகிவிட்டது. 1980 முதல் 2022 வரை பயிற்சியாளராயிருந்து ஐந்து தேசிய வெற்றிகளைத் தேடித் தந்த மைக் ஷஷெஃப்ஸ்கியின் பெயரால் அதை ஷஷெஃப்ஸ்கிவில் என்கிறார்கள். வழக்கில் சுருக்கமாகக் கே-வில்.

கூடாரம் போடுவது விளையாட்டாகத் தொடங்கியிருக்கலாம். அதைச் சட்டதிட்டங்களோடு நடத்துவது விளையாட்டல்ல. ஒரு கூடாரத்துக்கு 12 பேர் வரை சேரலாம். எல்லோரும் எப்போதும் அங்கேயே கிடக்க வேண்டுமென்றால் படிப்பு பாழாகும். யாருமே இருக்க வேண்டாமென்றால் காத்திருத்தலுக்கே அர்த்தமில்லை. ஆகையால் கறுப்பு, நீலம், வெள்ளை என மூன்று பருவங்கள் வகுத்திருக்கிறார்கள். முதலில் வந்து மிக நீண்ட காலம் தங்குவோர் கறுப்புக் கூடாரத்தார். பல ஆண்டுகள் வழங்கிய விதிப்படி அவர்களில் பகலில் இருவரும் இரவில் 10 பேரும் கூடாரத்தில் இருந்தாக வேண்டும். பிந்தி வரும் நீலக் கூடாரத்தாருக்குக் கட்டுப்பாடு சற்றுக் குறைவு. கடைசியாக வரும் வெள்ளைக் கூடாரத்தாருக்குப் பகலில் ஒருவர், இரவில் இருவர் இருந்தால் போதும். எவ்வளவு கஷ்டப்படுகிறாயோ அவ்வளவு முன்னால் உன் இடம் என்பதே இதன் தத்துவம். கூடாரம் இல்லாதவர்களுக்கும், சாதாரண ஆட்டங்களுக்கு வருகிறவர்களுக்கும், வந்த வரிசைப்படி நின்று நுழையும் தனி வழி ஒன்று உண்டு.

இந்த ஏற்பாட்டை நடத்துகிறவர்கள் போலீஸாரோ காவலாட்களோ அல்லர்; மாணவர் சங்கத்தின் கீழ் இயங்கும் சக மாணவர்களே. அவர்களுக்கு லைன் மானிட்டர் என்று பெயர். நள்ளிரவானாலும் விடியற்காலையானாலும், முன்னறிவிப்பின்றி அவர்கள் ஒலியெழுப்பி அழைத்தவுடன், ஒவ்வொரு கூடாரத்தாரும் அடையாள அட்டையுடன் ஓடிவந்து பெயர் கொடுக்க வேண்டும். ஒரு தரம் தவறினால் மன்னிப்பு உண்டு. மறுதரம் தவறினால் கூடாரம் பட்டியலின் அடிக்குத் தள்ளப்படும். அதே மானிட்டர்களுக்கு, இடி மின்னல் வந்தாலும் குளிர் ஆபத்தான அளவுக்கு இறங்கினாலும், எல்லோரும் விடுதிக்குப் போய்ப் படுங்கள், இந்த இரவில் ஆள் எண்ணமாட்டோம் என்று விடுமுறை அறிவிக்கும் அதிகாரமும் இருக்கிறது. கண்டிப்பையும் கருணையையும் ஒரே கையில் கொடுத்திருப்பது இந்த விதிகளின் விசேஷம்.

எதற்காக இவ்வளவு சிரமம், கதவைத் திறந்துவிட்டால் முந்தினவன் உட்காரட்டுமே என்று கேட்பவர்களுக்கு, 1991 டிசம்பர் 28-ஆம் தேதி நியூயார்க் ஸிட்டி காலேஜில் நடந்த விபத்தே பதில். அங்குள்ள விளையாட்டு மண்டபத்தில், இசைக் கலைஞர்கள் பங்குகொண்ட ஒரு தர்ம கூடைப்பந்து ஆட்டம் ஏற்பாடாகியிருந்தது. மண்டபம் கொள்ளும் அளவுக்கு வெகுவாக மிஞ்சிய ஜனங்கள் வந்து குவிந்தார்கள். யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை என்பது வெளியிலேயே நிச்சயமாகாததால், கீழே இறங்கும் படிக்கட்டில் பின்னால் நின்றவர்கள் முன்னால் நின்றவர்களைத் தள்ள, வழி கிடைக்காமல் நசுங்கி ஒன்பது பேர் மாண்டார்கள். தன் இடம் எதுவென்று அறிந்தவன் நெருக்குவதில்லை. அது வாசலில்தான் முடிவாகும் என்று நினைப்பவனே நெருக்குகிறான். ஆகையால் வரிசையை நடத்துவோரின் முதற்கடமை, ஆட்களை நிறுத்தி வைப்பதல்ல. கதவு திறப்பதற்கு வெகு முன்னரே ஒவ்வொருவருக்கும் அவரவர் எண்ணைச் சொல்லிவிடுவது. கூடாரப் பட்டியல் செய்யும் காரியம் அதுதான்.

எல்லாச் சர்வகலாசாலைகளும் டியூக்கின் வழியைப் பின்பற்றவில்லை. நெய்ஸ்மித்தே ஆசிரியராயிருந்து முதற் குழுவைப் பயிற்றுவித்த கான்ஸாஸ் சர்வகலாசாலையில், 1955-இல் திறக்கப்பட்ட ஆலன் ஃபீல்டு ஹவுஸ் என்ற அரங்கத்தின் கூரைக்குள்ளேயே காத்திருத்தல் நடக்கிறது. மாணவர்கள் குழுக்களாகப் பெயர் பதிவு செய்துகொள்கிறார்கள். ஒரு குழுவில் 30 பேர் வரை இருக்கலாம். முதலில் குலுக்கல் போட்டு குழுக்களின் வரிசையைத் தீர்மானிக்கிறார்கள். அதன்பின் ஆட்ட நாள் வரை பெயர் கூப்பிடும் வேளைகளில் குழுவுக்கு ஒரு பிரதிநிதி இருந்து பதில் சொன்னால் போதும். ஒருவரும் இல்லாத குழுவின் பெயர் அடிக்கப்படும். இரவில் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். அதிர்ஷ்டமும் பொறுமையும் பாதிப் பாதியாகக் கலந்த முறை இது.

சாப்பல் ஹில்லில், 1986 ஜனவரியில் டியூக்கோடு நடந்த ஆட்டத்துடன் திறப்பு விழாக் கண்ட டீன் ஸ்மித் அரங்கம் இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொள்ளும். அங்கே மாணவர்களுக்கு டிக்கெட் கிடைப்பது குலுக்கலால்தான். டியூக்கிலேயே முதுகலை மாணவர்களின் வழி வேறு. அவர்கள் செப்டம்பரில் ஒரு வார இறுதி முழுவதும் வாகனங்களிலும் கூடாரங்களிலும் தங்கி, நினைத்த நேரத்தில் ஒலிக்கும் அழைப்புகளுக்கெல்லாம் ஆஜராக வேண்டும். கடைசி வரை தாக்குப் பிடித்தவர்களின் பெயர்களைக் குலுக்கிப் போட்டு, வெற்றி பெற்றவர்களுக்கு அந்தப் பருவம் முழுவதற்கும் டிக்கெட் வாங்கும் உரிமை தருகிறார்கள். வேலையும் குடும்பமும் உள்ளவர்கள் ஆறு வாரம் புல்வெளியில் கிடக்க முடியாது என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு இது.

குலுக்கலுக்கும் ஒரு குறை உண்டு. பிரயாசையின்றிக் கிடைத்த இலவச டிக்கெட்டை மதிக்காமல், பரீட்சை இருக்கிறது, மழை பெய்கிறது என்று வராமல் இருந்துவிடுகிறவர்கள் பலர். ஆசையோடு இருந்தவன் வெளியே நிற்க, உள்ளே நாற்காலி காலியாகக் கிடக்கும். இதைத் தடுக்கப் பல சர்வகலாசாலைகளில் புள்ளிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். கூட்டமில்லாத சாதாரண ஆட்டங்களுக்கு வந்தவனுக்குப் புள்ளி ஏறும்; டிக்கெட் எடுத்துவிட்டு வராதவனுக்கு இறங்கும்; பெரிய ஆட்டத்தின்போது புள்ளி அதிகமுள்ளவன் முந்துவான். இப்போது டிக்கெட்டுகள் கைப்பேசியில் வந்துவிட்டமையால், யார் நுழைந்தார், யார் நுழையவில்லை என்ற கணக்கு தானாகவே பதிவாகிறது.

இலவச டிக்கெட்டைப் பணத்துக்கு விற்கும் ஆசை எங்கும் எட்டிப் பார்க்கும். அதன் பலத்தை ஸிவ் கார்மன், டான் ஏரியலி என்ற இரு ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டுகிறது. குலுக்கலில் டிக்கெட் கிடைத்த டியூக் மாணவர்களையும் கிடைக்காதவர்களையும் அவர்கள் விசாரித்தபோது, கிடைக்காதவர்கள் சராசரியாகச் சுமார் 170 டாலர் தரச் சம்மதித்தார்கள். கிடைத்தவர்களோ சுமார் 2,400 டாலருக்குக் குறைந்து விற்க மனமில்லாதிருந்தார்கள். இரு சாராரும் நேற்று வரை ஒரே ஆசையோடு காத்திருந்தவர்கள். கைக்கு வந்ததும் பொருளின் மதிப்பு அப்படி உயர்ந்துவிட்டது. ஆனால் விலை பேசும் வழி திறந்துவிட்டால், மாணவர் பலகைகள் மெல்ல மெல்லப் பணக்காரரின் பலகைகளாகிவிடும் என்பதால்தான், ஆளின் அடையாள அட்டையோடு நுழைவுரிமையைப் பிணைத்து வைத்திருக்கிறார்கள்.

பணத்தை விலக்கிவிட்டால் சமத்துவம் வந்துவிட்டதென்று திருப்தியடைவதற்கில்லை என்பது காத்திருக்க வைத்து டிக்கெட் கொடுக்கும் முறையின்மேல் உள்ள முக்கியமான ஆக்ஷேபணை. எல்லோருக்கும் நாள் ஒன்றுக்கு இருபத்துநான்கு மணிதான் என்று சொல்லலாம். ஆனால் மாலையில் வேலை பார்த்துப் படிப்புச் செலவைச் சமாளிக்கும் மாணவனின் மணிகளும், வீட்டிலிருந்து பணம் வரும் மாணவனின் மணிகளும் ஒன்றல்ல. உடல் நலமில்லாதவனுக்குக் குளிர் இரவு ஒரு தடையே. மேலும் வரிசை எவ்வளவு நியாயமாக நடந்தாலும், அதில் நிற்கும் உரிமை யாருக்கு என்பது அதற்கு முந்தின கேள்வி. டியூக்கின் கட்டடங்களை வரைந்த ஜூலியன் ஏபெல் என்ற கட்டடக் கலைஞர் கறுப்பு இனத்தவர். ஆயினும் கறுப்பு இளங்கலை மாணவர்கள் அந்தச் சர்வகலாசாலையில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 1963-இல்தான். அதுவரை அவர்களுக்கு வரிசையின் கடைசி இடம்கூட இருக்கவில்லை.

இவ்வளவையும் சீர்தூக்கிப் பார்க்கும்போது, பணம், காலம், அதிர்ஷ்டம், முன்பு காட்டிய ஆர்வம் என்ற நான்கு அளவுகோல்களில் ஒவ்வொன்றும் யாரோ ஒரு சாராருக்குச் சாதகமாகவே இருக்கும் என்றும், குற்றமற்ற அளவுகோல் எதுவும் இல்லை என்றும் தெரிகிறது. காத்திருக்கக் கூடியவர்களுக்கு ஒரு பங்கு, குலுக்கலுக்கு ஒரு பங்கு, கடைசி நேரத்தில் வருகிறவர்களுக்கு ஒரு சிறு பங்கு என்று கலந்து வைப்பது, ஒன்றையே பிடித்துக்கொண்டிருப்பதைவிட நியாயத்துக்கு அருகில் நிற்கும். ஆனால் எந்த முறையானாலும், அதன் விதிகள் முன்கூட்டியே பகிரங்கமாக இருக்க வேண்டும். வேண்டியவர் வேண்டாதவர் என்று பாராமல் நிறைவேற வேண்டும். அவற்றை வகுப்பதில் காத்திருப்பவர்களுக்கே பங்கு இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் டிக்கெட் கிடைக்காதவன் ஏமாற்றம் அடைவானே தவிர, வஞ்சிக்கப்பட்டதாக எண்ணமாட்டான். வரிசை நடத்தும் எவரும், எந்த வாசலிலானாலும், முதலில் கவனிக்க வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான்.